வீட்டுத் தோட்டத்துக் குடை ராட்டினத்துக்கு எந்த மின்சாரம் ஏற்றது? மும்முனை இணைப்பு, ஒருமுனையில் டிரைவ், ஜெனரேட்டர்: ஓர் ஒப்பீடு

திருவிழாக்களுக்குச் சென்றுவந்த பழைய குடை ராட்டினம் ஒன்று மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. அதை வைத்துப் பிழைத்த பெரியவர் ஊர் ஊராக அலைய முடியாத வயதை எட்டியபோது, அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக நான் வாங்கினேன். பன்னிரண்டு இருக்கைகள், நான்கு மீட்டர் விட்டம், நடுத்தூணின் அடியில் ஒரு கியர்பாக்ஸ். பெரியவர் இதை டீசல் என்ஜினில் பெல்ட் மாட்டி ஓட்டினார். நான் அதை எடுத்துவிட்டு 3 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரைப் பொருத்தினேன். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுற்றும் மோட்டார், நாற்பதுக்கு ஒன்று கியர்பாக்ஸில் 36 சுற்றாகவும், அடுத்துள்ள சங்கிலிப் பல்சக்கரத்தில் ஏழு சுற்றாகவும் குறைகிறது. ஓரத்தில் உட்காரும் குழந்தை மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில், அதாவது விறுவிறுவென்று நடப்பவரின் வேகத்தில் செல்கிறது.

இயந்திரப் பகுதியை ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன். அதற்கு எப்படி மின்சாரம் கொடுப்பது என்ற கேள்விதான் ஓர் ஆண்டுக்கும் மேல் இழுத்தது. மின்சாரம் தெரிந்தவர்களிடம் கேட்டபோதெல்லாம் முதலில் வந்த கேள்வி, "மோட்டார் எத்தனை எச்.பி.?" என்பதுதான். கிணற்று மோட்டாருக்கு அந்தக் கேள்வி போதும். அது காலையில் ஒருமுறை ஓடத் தொடங்கினால் மணிக்கணக்கில் ஓடும். ராட்டினமோ ஒரு மணி நேரத்தில் பதினைந்து, இருபது முறை நின்று கிளம்புகிறது. கனமான இரும்புச் சட்டத்தையும் அதில் அமர்ந்திருக்கும் குழந்தைகளையும் ஒவ்வொரு முறையும் அசையாத நிலையிலிருந்து நகர்த்தியாக வேண்டும். ஆகவே இந்த வழிகளை எடைபோட, ராட்டினம் எப்படிக் கிளம்புகிறது, எப்படி நிற்கிறது, மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளையே நான் அளவுகோலாகக் கொண்டேன்.

முதல் வழி மும்முனை இணைப்பு. ஏ.சி. இயந்திரங்கள் பெருகிய பிறகு, மும்முனை மீட்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, அறைகளுக்கு ஒவ்வொரு முனையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ள வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. 415 வோல்ட்டில் என் மோட்டார் முழுச் சுமையில் எடுப்பது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு, கம்பிகளும் மெல்லியவையே போதும். ஆனால் சாதாரண ஸ்டார்ட்டரில் நேரடியாகக் கிளப்பினால், அந்த நொடியில் மோட்டார் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அதைவிட எனக்குக் கவலையளித்தது அந்த உதறல். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் சங்கிலி 'படார்' என்று இறுகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை பின்னுக்குப் போகும். மோட்டாரின் மூன்று சுருள்களை முதலில் ஒரு புள்ளியில் சேர்த்தும் (ஸ்டார்), பிறகு முக்கோணமாகவும் (டெல்டா) இணைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் தொடக்க மின்னோட்டத்தையும் இழுவிசையையும் மூன்றில் ஒன்றாக்கும் என்பது உண்மையே. எனினும் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் கணத்தில் இரண்டாவது உதறல் ஒன்று வருகிறது. தவிர, நமது ஊர்களில் 415 வோல்ட்டுக்கு விற்கும் 3 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரிலேயே ஓடுபவை. அவற்றுக்கு அந்த ஸ்டார்ட்டர் பொருந்தாது.

மும்முனையில் நான் பட்ட இரண்டு அனுபவங்களைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு மாதம், பக்கத்து வீட்டு உறவினரின் மும்முனை இணைப்பிலிருந்து கம்பி இழுத்துச் சோதனை ஓட்டம் நடத்தினோம். ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு முனையின் ஃபியூஸ் போய்விட்டது. ராட்டினம் கிளம்பவில்லை, மோட்டார் மட்டும் 'ம்ம்ம்' என்று உறுமியது. என்னவென்று நான் குனிந்து பார்த்து முடிப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. காயில் கட்டும் கடையில் மூன்று சுருள்களில் இரண்டு கருத்திருப்பதைக் காட்டி, "சிங்கிள் பேஸ் தடுப்பான் போடாம மோட்டாரைத் தொடாதீங்க சார்" என்றார் கடைக்காரர். அடுத்தது, லைனில் பழுது பார்த்த மறுநாள் நடந்தது. இரண்டு முனைகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்ததால் ராட்டினம் தலைகீழ்த் திசையில் சுற்றத் தொடங்கி, குதிரைகளெல்லாம் வாலை முன்னால் வைத்துக்கொண்டு ஓடின. நல்ல வேளையாக அன்று யாரும் ஏறியிருக்கவில்லை. முனை இழப்பையும் முனை வரிசை மாற்றத்தையும் கண்டறியும் ரிலே ஒன்று இந்த இரண்டையுமே தடுத்திருக்கும். மும்முனை வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தோட்டத்துப் பம்புசெட்டில் மும்முனை சும்மா கிடக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று என்னைக் கேட்டவர்கள் பலர். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக வழங்கப்படும் அந்த மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது. ஒரு வகைக்குப் பெற்ற இணைப்பை வேறு வகைக்குப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கு வசூலிக்கப்படும். சட்டம் ஒருபுறம் இருக்க, பயிருக்குக் கொடுத்த மின்சாரத்தை விளையாட்டுக்குத் திருப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. அதேபோல், காசு வாங்கிக்கொண்டு வெளியாரை ஏற்றினால் அது வீட்டுப் பயன்பாடு ஆகாது; இணைப்பின் வகையையும் தேவையான அனுமதிகளையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, வீட்டில் உள்ள ஒருமுனை 230 வோல்ட்டையே வாங்கி, அதை மும்முனையாக்கி, அதன் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவ் என்ற கருவி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் வாங்கிய பிறகு ஏமாறுவது இங்கேதான். ஒருமுனை டிரைவுக்குள் 230 வோல்ட் சென்றால், வெளியே மூன்று முனைகளாக வருவதும் 230 வோல்ட்டே, 415 ஆகாது. ஆகவே மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு திருகாணிகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு வரிசையின் மூன்று திருகாணிகளையும் பித்தளைத் தகடுகள் குறுக்காக இணைத்திருந்தால் அது ஸ்டார். மூன்று தகடுகள் மேலும் கீழுமாகத் தனித்தனியே இணைத்திருந்தால் டெல்டா. 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இருக்கும் மோட்டாரின் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 240 வோல்ட்தான். எனவே தகடுகளைக் கழற்றி டெல்டாவாக மாற்றினால் அதே மோட்டார் 230 வோல்ட்டில் குறையின்றி ஓடும். பெட்டிக்குள் மூன்று கம்பிகள் மட்டுமே வந்திருந்தால் மனம் தளர வேண்டாம். காயில் கட்டும் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு கம்பிகளாக வெளியே எடுத்துத் தருவார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார்களின் கதை வேறு. அவை 415 வோல்ட்டிலேயே டெல்டாவாக இருப்பவை. 230 வோல்ட் கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, ஏறியவர்களோடு ராட்டினம் நின்ற இடத்திலேயே நிற்கும். அத்தகைய மோட்டாருக்கு மும்முனை இணைப்பும் மும்முனை டிரைவும்தான் நேரான வழி.

டிரைவ் கொடுக்கும் பெரிய நன்மை வேகக் கட்டுப்பாடு என்று பலர் சொல்வார்கள். என் மதிப்பில் அது இரண்டாம்பட்சம். ராட்டினத்தை என்னிடம் ஒப்படைத்த அன்று பெரியவர் சொன்னார்: "தம்பி, பெல்ட்டை இழுக்கிற கைதான் இதுக்குக் கிளட்ச்." என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, தளர்வாகத் தொங்கும் பெல்ட்டை ஒரு நெம்புகோலால் மெல்ல மெல்ல இறுக்குவார், பெல்ட் வழுக்கி, பிறகு பற்றி, ராட்டினம் தூக்கத்திலிருந்து எழுவதைப் போலக் கிளம்பும். அந்தக் கையின் வேலையைத்தான் டிரைவில் உள்ள முடுக்க நேரம், அதாவது நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை எட்ட நாம் வைக்கும் நேரம், செய்கிறது. நான் அதைப் பன்னிரண்டு நொடிகளாக வைத்திருக்கிறேன். சங்கிலி சத்தமில்லாமல் இறுகுகிறது, மூன்று வயதுக் குழந்தையும் கம்பியைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நிற்கும் நேரத்தைப் பதினைந்து நொடிக்குக் கீழே கொண்டுவர முயன்றபோது மட்டும், சுழலும் சட்டம் மோட்டாரைத் திருப்பி ஓட்டி, அந்த மின்சாரம் டிரைவுக்குள் ஏறி, அது மிகை மின்னழுத்தம் என்று ட்ரிப் ஆனது. விரைவாக நிறுத்த வேண்டுமென்றால் அந்த மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் ஒன்று தனியே வேண்டும். முனை வரிசை மாறிக் குதிரைகள் பின்னோக்கி ஓடும் தொல்லையும் இங்கே இல்லை, ஏனெனில் திசையைத் தீர்மானிப்பது டிரைவ்தான்.

இதற்கும் குறைகள் உண்டு. 2.2 கிலோவாட் டிரைவ் முழுச் சுமையில் ஒருமுனையிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இல்லாமல் சமையலறை பிளக்கில் செருகுவது தீயை அழைப்பதற்குச் சமம். வீட்டிலுள்ள 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) காரணமே இல்லாமல் விழுவதாகத் தோன்றும். டிரைவுக்குள் இருக்கும் வடிகட்டி எர்த்துக்குச் சிறிது கசியவிடுவதே காரணம். அப்போது ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிந்துவிடாமல், எந்த வகை பொருந்தும் என்று டிரைவின் கையேட்டைப் பார்த்து அதை வாங்கிப் போடுங்கள்.

மோட்டாரையே ஒருமுனை மோட்டாராக மாற்றிவிடலாமே என்ற யோசனையை நான் விரைவாகவே தள்ளிவிட்டேன். அடிக்கடி நின்று கிளம்பும் வேலையில் தொடக்கக் கெபாசிட்டர் தாங்காது. அந்த மோட்டாரை டிரைவிலும் ஓட்ட முடியாது. விவசாயிகள் இருமுனையில் பம்பு ஓட்டப் பயன்படுத்தும் கெபாசிட்டர் பெட்டியும் இதற்குப் பொருந்தாது. அந்தக் கெபாசிட்டரின் அளவு ஒரே சுமைக்குக் கணக்கிடப்பட்டது; இரண்டு பிள்ளைகள் ஏறினால் ஒரு சுமை, பன்னிரண்டு பேர் ஏறினால் வேறு சுமை என்றிருக்கும் ராட்டினத்தில் சுருள்கள் சமமின்றிச் சூடேறும்.

மூன்றாவது வழி ஜெனரேட்டர். ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு அதை விட்டால் வேறு வழி குறைவு. வீட்டில் நிற்கும் ராட்டினத்துக்கு அதை முதன்மையாக வைப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகச் சுமை ஏற்றினால் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய நிலையில் ஒரு யூனிட்டே 30 ரூபாய்க்கு மேல் ஆகிறது. குறைந்த சுமையில் இன்னும் மோசம். என் மோட்டாரை நேரடியாகக் கிளப்ப 10 கே.வி.ஏ. வரை திறனுள்ள ஜெனரேட்டர் தேவைப்படும், டிரைவ் வழியாக மெல்லக் கிளப்பினால் 5 கே.வி.ஏ. போதும். எனவே ஜெனரேட்டர் வைப்பவர்களுக்கும் டிரைவின் செலவு வீணாகாது. மாற்று ஏற்பாடாக அதற்கு ஓர் இடம் உண்டு. 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் ஃபெரிஸ் நிறுத்திய ராட்சத சக்கரத்துக்குக்கூட, 1000 குதிரைத்திறன் நீராவி என்ஜின் ஒன்று ஓட, அதே அளவில் மற்றொன்று தயாராக நின்றது. மேலே ஆள் தொங்கும் சக்கரத்துக்கு அது கட்டாயம். குடை ராட்டினம் மின்சாரம் போனால் தானாகச் சுற்றி ஓய்ந்துவிடும், குழந்தையைக் கையால் இறக்கிவிடலாம். ஜெனரேட்டரை வீட்டு இணைப்போடு சேர்ப்பவர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் இணையவே முடியாத சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது.

எனவே 3 குதிரைத்திறன் வரை, ஸ்டாரில் உள்ள மோட்டார் என்றால் ஒருமுனை டிரைவ். அதற்கு மேலென்றால் மும்முனை இணைப்பும் அதற்குரிய டிரைவும். இதுவே என் தேர்வு. சுழலும் தட்டின் விளக்குகளை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டேன். முன்பு நடுத்தூணில் இருந்த செம்பு வளையங்களில் கார்பன் பிரஷ் உரசி 230 வோல்ட் மேலே சென்றது. மழைக்காலத்தில் அந்த வளையங்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், ஓடும்போது பொறி பறக்கும். இப்போது அதே வளையங்களில் செல்வது 12 வோல்ட். அதில் எல்.இ.டி. சரங்கள் எரிகின்றன. அடிச்சட்டத்திலிருந்து தனி எர்த் குழிக்கு ஒரு பட்டைத் தகடு இறங்குகிறது. சிவப்பு நிற நிறுத்தும் பொத்தான் வேலிக்கு வெளியே, ஏறும் படியின் அருகில், ஓட்டுபவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.