தொழில்நுட்ப மேலாண்மையா, செயற்கை நுண்ணறிவா? பட்டத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு மறுபடியும் படிக்கலாம் என்று கிளம்பும் பொறியாளருக்கு இன்று இரண்டு படிப்புகள் கண்ணில் படுகின்றன. ஒன்று தொழில்நுட்ப மேலாண்மையில் எம்.பி.ஏ. மற்றொன்று பயன்பாட்டுச் செயற்கை நுண்ணறிவில் எம்.டெக். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் நான் முதலாவதைப் படித்தேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எல்லோரும் கேட்பவற்றை முதலில் முடித்துவிடுவோம். வேலையை விடாமல் இரண்டையும் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் தொழில்நுட்ப மேலாண்மையை எம்.பி.ஏ.வின் ஒரு பிரிவாக நடத்திவந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2022-இல் டிசிஎஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொழில்துறைச் செயற்கை நுண்ணறிவில் இணையவழி எம்.டெக். தொடங்கியது. முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு நுழைவுத் தேர்வுகள் உண்டு: எம்.பி.ஏ.வுக்கு டான்செட், எம்.டெக்.குக்கு கேட் (GATE). 2024 முதல் கேட் தேர்வில் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித் தாளே வந்துவிட்டது. வேலைச் சந்தையில் மவுசு எதற்கு என்று கேட்டால், செயற்கை நுண்ணறிவுக்குத்தான். அதில் வாதாட எதுவுமில்லை.

தொழில்நுட்ப மேலாண்மை என்றால் பொதுவான எம்.பி.ஏ.வில் கொஞ்சம் கணினி சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தனித் துறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1981-லேயே இதற்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. ஒரு தொழில்நுட்பம் மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பிறகு தேங்கிப்போகும் வளைவை எப்படிக் கணிப்பது, நாமே உருவாக்குவதா வெளியே வாங்குவதா, காப்புரிமையின் 20 ஆண்டுக் காலத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பவையே இதன் பாடங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலுக்கு, நிரல் என்ற அளவில் மட்டும், காப்புரிமை தருவதில்லை. அதை வகுப்பில்தான் முதன்முறையாகப் படித்தேன். மென்பொருள் விற்க வரும் நிறுவனங்கள் 'காப்புரிமை பெற்ற முறை' என்று அடித்துப் பேசும்போது அதன் எண்ணைக் கேட்கும் பழக்கம் அன்று வந்தது. சிலர் உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

நான் முடிவெடுத்தது சம்பளத்தைப் பார்த்து அல்ல. படித்ததைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பார்த்துத்தான்.

செயற்கை நுண்ணறிவுப் படிப்பின் அடித்தளமான நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் பழசாவதில்லை. ஆனால் சம்பளம் அடித்தளத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. செயற்கை நுண்ணறிவு மாடல்களை, அதாவது தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்களை, உருவாக்க உதவும் மென்பொருள்களையே பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பிறந்த தியானோவைக் கற்றுத் தேர்ந்தவர்கள், 2017-இல் அதன் மேம்பாடு நிறுத்தப்படும் அறிவிப்பைப் பார்த்தார்கள். 2015-இல் வந்த அதே வகை மென்பொருளான டென்சர்ஃப்ளோ, 2019-இன் இரண்டாம் பதிப்பில் நிரல் எழுதும் பாணியையே மாற்றிக்கொண்டது. அதற்குள் பலர் அதன் போட்டியாளரான பைடார்ச்சுக்குப் போய்விட்டார்கள். 2017-இல், இன்றைய மொழி மாடல்களுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. ஒவ்வொரு முறையும் இந்தத் துறையில் இருப்பவர் மறுபடியும் மாணவராக வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் அது உற்சாகம். இரவு ஷிப்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளையும், மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய பெற்றோரும் இருக்கும் வயதில் அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு தொழில்நுட்பம் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று அளக்கும் அளவுகோலை நாசா 1970-களில் வகுத்தது. பின்னர் அது ஒன்பது படிகளாக விரிந்தது. இன்றும் அதே ஒன்பது படிகள்தாம். மாறுவது பெரும்பாலும் சட்டங்கள். இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அவற்றின் சாரத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வார இறுதி போதும். நல்ல எவர்சில்வர் பாத்திரம் போல, அவ்வப்போது துலக்கினால் போதுமான படிப்பு இது.

பராமரிப்பு என்ற இதே கேள்வி வேலையிலும் எதிரே வந்து நின்றது. வார்ப்புப் பாகங்களில் விரிசலைக் கண்டுபிடிக்கும் கேமரா அமைப்பொன்றை எங்களுக்குச் செய்துகாட்டினார்கள். செய்முறை விளக்கத்தில் அற்புதமாக ஓடியது. ஆனால் வார்ப்பு தரும் நிறுவனம் மாறினால் பாகத்தின் மேற்பரப்பு மாறும். மேலே இருக்கும் விளக்கு மங்கினால் நிழல் மாறும். அப்போது மாடல் நல்ல பாகத்தைக் கழிக்கும், அல்லது விரிசலை விட்டுவிடும். புதிய படங்களை யார் எடுப்பது, யார் தரம் பிரித்து அடையாளமிடுவது, மறுபயிற்சிக்கு யார் பணம் தருவது? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இயந்திரக் கற்றல் அமைப்புகளில் மாடலுக்கான நிரல் மிகச் சிறிய பகுதிதான், அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளே மிகப் பெரியவை என்று கூகுள் பொறியாளர்கள் 2015-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுற்று ஏற்பாடுகளைக் கேள்வி கேட்கவும், விலை போடவும், ஒப்பந்தத்தில் எழுதவும் எனக்குக் கற்றுக்கொடுத்தது மேலாண்மைப் படிப்பு.

குறைகளும் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு படித்த என் சக ஊழியர் மடிக்கணினியைத் திறந்து ஓடும் ஒன்றைக் காட்டுவார். என்னிடம் காட்ட அப்படி எதுவுமில்லை. கூட்டத்தில் சரியான கேள்வி கேட்டேன் என்பதை எந்தச் சான்றிதழில் எழுதுவது? தொழில்நுட்ப மாற்றத்தில் பின்தங்கிய கோடாக், நோக்கியா என்று எத்தனையோ முறை பேசித் தீர்த்த கதைகளையே வகுப்பில் மறுபடியும் அலசியது அலுப்பாகவும் இருந்தது. அனுபவம் இல்லாமல் இந்தப் படிப்பை எடுத்தால் வெறும் சொற்களே மிஞ்சும் என்று அஞ்சுகிறேன். கல்லூரியை முடித்த கையோடு படிக்க நினைப்பவர் என் வாதத்தைத் தள்ளிவிட்டு எம்.டெக். பக்கம் போவதே நல்லது.

எம்.டெக்.கை நான் உள்ளே இருந்து பார்த்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். படித்தவர்கள் சொல்லக் கேட்டது, ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் இயந்திரக் கற்றல் பாடமொன்றைத் தேர்வுவரை படித்தது, இவ்வளவுதான் என் அறிவு. அந்தப் பாடம் ஒன்றே பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசப் போதுமானதாக இருந்தது. நிரல் எழுதுவதே பிடித்தமான வேலை என்பவருக்கு அது நிச்சயம் போதாது. அவருக்குப் புதுப்பித்தல் சுமையாகவும் தோன்றாது.

மேலாண்மைப் பக்கம் வருகிறவர்கள் பட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம். தொழில்நுட்பம் என்ற சொல்லை முன்னால் ஒட்டிக்கொண்ட சாதாரண எம்.பி.ஏ.க்கள் நிறைய உண்டு. பாடத்திட்டத்தை வாங்கி விருப்பப் பாடங்களின் பக்கத்தைப் பாருங்கள். அறிவுசார் சொத்துரிமை, தொழில்நுட்ப மதிப்பீடு, புத்தாக்க மேலாண்மை மூன்றும் தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.