ஹைபலோனா, பிவிசியா: திருகோணமலை வெயிலுக்கு எந்தக் காற்றடைத்த படகு?

நிலாவெளி மணலில் நாள் முழுக்கக் காயும் படகென்றால் என் தெரிவு ஹைபலோன்தான். செயற்கை றப்பர் பூசிய துணி அது. வெயிலும் பெற்றோலும் எளிதில் அரிக்காது. அதைத் தயாரித்த டூபொண்ட் நிறுவனம் 2010இல் உற்பத்தியை நிறுத்தியபின் அதே இனத் துணி வேறு பெயர்களில் வருகிறது. விலைதான் கடிக்கும். பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசிய துணி மலிவு, ஆனால் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். நிழலில் வைத்துப் போர்த்திப் பார்ப்பவருக்கு அது போதும்.

ஒட்டுப் போடும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். பிவிசியை அசிட்டோனால் துடைத்துப் பொலியூரிதீன் பசையால் ஒட்டலாம். ஹைபலோனை முதலில் அரத்தாளால் உரசவேண்டும். பசையும் வேறு, இறுகச் செய்யும் கடினமாக்கியைக் (hardener) கலந்து பூசும் நியோபிரீன் வகை. தயவுசெய்து மாற்றிப் பூசாதீர்கள், ஒட்டு கழன்றுவிடும், பழைய பசையைச் சுரண்டுவது பெரும்பாடு.

இரண்டுக்கும் ஈரப்பதன் ஆகாது. வாடை மாரியில் திறந்தவெளி ஒட்டு வேலையைத் தவிர்த்து, கச்சான் வீசும் மாதங்களில் காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். ஒட்டியபின் குறைந்தது 24 மணிநேரம் காற்றடிக்க வேண்டாம். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவின் பாறையில் உரசிய படகானால், சவர்க்கார நீர் தடவி ஏனைய துளைகளையும் தேடிவிடுங்கள்.