மணிக்கணக்கில் பில் செலுத்துவோர் கவனத்திற்கு: முடிந்துபோன மாதத்தின் மணிகளும் கூடக்கூடும்

மென்பொருள் நிறுவனங்களுக்கு மணிக்கணக்கில் வேலை கொடுத்து, அவர்களுடைய பணி மேலாண்மை மென்பொருளில் பதிவாகும் நேரத்தை நம்பி மாதந்தோறும் பணம் செலுத்திவரும் சிறுதொழில் முனைவோர் அனைவரும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பில் வந்து, பணம் கட்டி, கோப்பில் சேர்த்துவிட்ட ஒரு மாதத்தின் மணிகள், பல மாதங்கள் கழித்து யாருக்கும் அறிவிப்பு இல்லாமல் கூடிவிடக்கூடும். எங்களுக்கு அப்படித்தான் கூடியது. வழக்கறிஞர் மூலம் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் நடந்த முறையை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் நிறுவனம், டீலர்கள் ஆர்டர் போடுவதற்கும் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கும் ஒரு மென்பொருளைச் செய்துதரும்படி உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்பந்தம் போட்டது. மொத்தத் தொகை பேசாமல், ஒரு மணி நேரத்திற்கு இன்ன விலை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று முடிவாயிற்று. வேலை நேரம் ரெட்மைன் என்ற பணி மேலாண்மை மென்பொருளில் இயங்கும் அவர்களுடைய தளத்தில் பதிவாகும், நாங்களும் உள்ளே சென்று எங்கள் புராஜெக்டின் மணிகளைப் பார்க்கலாம், மாத பில் அந்தப் பதிவின்படியே வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். இதைவிட வெளிப்படையான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்றே எவரும் நினைப்பார்கள்.

நிதியாண்டு முடியும் தறுவாயில் அவர்களிடமிருந்து ஒரு துணைப் பில் வந்தது. ஆண்டு முழுவதும் ரெட்மைனில் பதிவான மணிகள் இவ்வளவு, இதுவரை பில் போட்டது இவ்வளவு, விடுபட்ட வித்தியாசத்திற்கு இந்தத் தொகையைச் செலுத்தவும் என்று அதில் இருந்தது. தளத்தைத் திறந்து பார்த்தால் அவர்கள் சொன்ன எண்ணிக்கையே தெரிந்தது. அங்கே மட்டும் பார்த்திருந்தால் பணத்தைக் கட்டியிருப்போம்.

எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் பழைய பழக்கம் மாறாதவர். ஒவ்வொரு மாத பில்லோடும் அன்றைய நேர அறிக்கையை அச்செடுத்து வவுச்சரில் குத்திவைப்பார். அவர் ஜூலை மாதத் தாளை எடுத்து நீட்டினார். அதில் மொத்தம் 212.50 மணி, தளத்தில் அதே ஜூலை மாதம் 241.25 மணி. நாங்கள் பணம் கட்டிய ஒரு மாதத்தில் 28.75 மணி புதிதாக முளைத்திருந்தது.

தாளையும் தளத்தையும் வரிவரியாக ஒப்பிட்டபோது, கூடுதலாக வந்த வரிகளில் ஒன்றின் குறிப்பு ‘லேப் ரிப்போர்ட் பிரிண்ட், ஹெட்டர் சரிசெய்தல்’ என்று இருந்தது, நேரம் 9.50 மணி. உதிரிபாகம் செய்யும் இடத்தில் லேப் ரிப்போர்ட்டுக்கு என்ன வேலை? அதே பொறியாளர் அதே தேதியில் எங்கள் ஆர்டர் திரைக்காக 8.00 மணி பதிந்திருந்தார். அது எங்கள் அச்சுத் தாளிலும் இருந்தது. அதாவது அவர் ஒரே நாளில் எங்களுக்காக மட்டும் பதினேழரை மணி நேரம் உழைத்ததாகத் தளம் காட்டியது. அந்த லேப் ரிப்போர்ட் வேலைக்கான டிக்கெட்டை, அதாவது தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக உருவாக்கும் பதிவை, திறந்து அதன் வரலாற்றுப் பகுதிக்குச் சென்றபோது விஷயம் விளங்கியது. வேறொரு வாடிக்கையாளரின் புராஜெக்டிலிருந்து அந்த டிக்கெட் எங்கள் புராஜெக்டுக்கு மார்ச் மாதத்தில் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவரின் பெயரும் நேரமும் அங்கேயே இருந்தன.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றுவதற்கு இதில் எந்தத் தொழில்நுட்பத் திறமையும் தேவையில்லை. ரெட்மைனில் ஒரு டிக்கெட்டை ஒரு புராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், அதில் பதிந்துள்ள மணிகள் அனைத்தும் கூடவே நகர்ந்துவிடும். வேலை செய்த தேதி பழைய தேதியாகவே இருக்கும். பதிவு உருவான நேரமும் மாறாது. கடைசியாகத் திருத்திய நேரம்கூட மாறாது. எனவே ஜூலையில் பிறருக்குச் செய்த வேலை, ஜூலையிலிருந்தே நம் கணக்கில் இருந்ததைப் போலவே அறிக்கையில் தோன்றும். டிக்கெட்டின் வரலாற்றில் மட்டும்தான் இடமாற்றம் தெரியும். நேர அறிக்கையைப் பார்ப்பவர் எவரும் ஒவ்வொரு டிக்கெட்டாகத் திறந்து வரலாற்றைப் படிப்பதில்லை. நேரப் பதிவைத் திருத்துவதில் இன்னும் ஓட்டை பெரியது: 3 மணி என்றிருந்ததை 5 மணி என்று மாற்றினால், திருத்திய நேரம் மாறுமே தவிர, முன்பு என்ன எண் இருந்தது என்பதற்கு ரெட்மைன் வரலாறு எதையும் வைத்துக்கொள்வதில்லை. டிக்கெட்டை அழிக்கும்போதும், அதன் மணிகளை அழிப்பதா, புராஜெக்டின் பெயரில் விடுவதா, வேறு டிக்கெட்டுக்கு மாற்றுவதா என்று மென்பொருளே கேட்கும். முடிந்த மாதத்தைப் பூட்டிவைக்கும் வசதி ரெட்மைனில் இயல்பாக இல்லை. கூடுதல் வசதி தரும் செருகுநிரல் (பிளகின்) ஒன்றைத் தனியாகப் போட்டால்தான் உண்டு.

இவை எதுவும் மென்பொருளின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே வேலை செய்பவர்கள் தங்கள் வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் செய்த கருவி அது; தவறான இடத்தில் போட்ட டிக்கெட்டைச் சரியான இடத்திற்கு மாற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே வரும். ஆனால் அதே கருவியின் எண்ணிக்கையைப் பில்லுக்கு ஆதாரமாக வைக்கும்போது, அந்த எண்ணிக்கை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பது மிக முக்கியமாகிவிடுகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் ‘ரெட்மைன் பதிவின்படி’ என்று இருந்ததே தவிர, எந்த நாளின் பதிவு என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில்தான் துணைப் பில் நுழைந்தது.

தொலைபேசியில் கேட்டபோது, சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு, உங்கள் அச்சுத் தாளை நாங்கள் ஏற்க முடியாது என்றார்கள். லேப் ரிப்போர்ட் டிக்கெட்டின் எண்ணைச் சொன்னவுடன் பேச்சு மாறியது: உள்ளே புராஜெக்டுகளை ஒன்றுசேர்த்தபோது கவனக்குறைவாக வந்துவிட்டதாம். கவனக்குறைவு என்றால் ஏதாவது ஒரு மாதத்திலாவது மணிகள் குறைந்திருக்க வேண்டும். மாறிய மாதங்கள் எல்லாவற்றிலும் கூடியே இருந்தன. எழுத்து மூலம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிய சில நாட்களில், தளத்திற்கான எங்கள் உள்நுழைவு நிறுத்தப்பட்டது. நல்ல வேளையாக, கடிதம் அனுப்புவதற்கு முன்பே நேர அறிக்கை முழுவதையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய அட்டவணைக் கோப்பு) இறக்கி, சந்தேகத்திற்குரிய டிக்கெட்டுகளின் வரலாற்றையும் எங்கள் உறவினர் ஒருவரின் யோசனைப்படி சேமித்து வைத்திருந்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: முதலில் ஆதாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு புகாரைத் தொடங்குங்கள்.

சட்டத்தின் பக்கம் கவனிக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. வணிக நோக்கத்திற்காகப் பெறும் சேவை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தை நம்பிக் காத்திருப்பதில் பயன் குறைவு. மறுபுறம், வேலை செய்துகொடுத்த நிறுவனம் உத்யம் எனப்படும் அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் அவர்கள் கையில் வலுவான ஆயுதம். சேவை பெற்ற 15 நாட்களுக்குள் நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருத இடமுண்டு. காலம் கடந்த பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். எனவே சந்தேகமான பில் வந்தால் தொலைபேசியில் பேசிக்கொண்டே நாட்களைக் கடத்தாமல், மின்னஞ்சலில் உடனே ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். சர்ச்சை இல்லாத தொகையை நிறுத்திவைக்காமல் செலுத்திவிடுங்கள். இறக்கிய கோப்புகளை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பிலிருந்து கணித்தெடுக்கும் கைரேகை போன்ற குறியீடு; கோப்பு மாறினால் அதுவும் மாறிவிடும்) குறிப்பிட வேண்டும் என்பதால், இறக்கிய அன்றே அதைக் கணித்து வைத்துக்கொள்வது நல்லது.

ரெட்மைன் அல்லாத மென்பொருள்களைப் பயன்படுத்துவோரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஜிரா என்ற மற்றொரு பணி மேலாண்மை மென்பொருளில் ஒருவர் தம் நேரப் பதிவை மாற்றினால் டிக்கெட்டின் வரலாற்றில் தடம் இருக்கும், ஆனால் டிக்கெட்டையே அழித்தால் பதிவுகளும் அதோடு போய்விடும். அங்கே ஒரு நாள் என்று பதிவதற்கு வழக்கமான அமைப்பில் 8 மணி நேரம் என்று பொருள். உங்கள் ஒப்பந்தம் ஒரு நாளுக்கு வேறு மணிக்கணக்கைச் சொன்னால் இரண்டும் ஒட்டாது. மறுதரப்புக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரெட்மைனில் ஒன்றரை மணி நேரம் என்று நினைத்து 1.30 என்று பதியும் பொறியாளருக்கு ஒரு மணி 18 நிமிடம்தான் கணக்கில் ஏறும். 1:30 என்றோ 1.5 என்றோ பதிந்தால்தான் சரியாக வரும். கணக்கு நேராக இருப்பது உழைத்தவருக்கும் பாதுகாப்பு.

துணைப் பில்லில், நாங்கள் டிக்கெட் எண்ணோடு சுட்டிக்காட்டிய மணிகளுக்கு மட்டும் அவர்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) கொடுத்திருக்கிறார்கள். தாள் காணாமல் போயிருந்த இரண்டு மாதங்களின் தொகை இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. வேலையைத் தொடர்ந்து முடித்துக்கொடுக்க வந்துள்ள புதிய நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாதத்தின் நேர அறிக்கையும் சிஎஸ்வி கோப்பாக பில்லுடன் மின்னஞ்சலில் வர வேண்டும், அந்தக் கோப்பே இறுதிக் கணக்கு, அதன் பிறகு தளத்தில் எந்த எண் மாறினாலும் பில்லைப் பாதிக்காது, விடுபட்ட மணி இருந்தால் 7 நாட்களுக்குள் காரணத்துடன் தனிப் பதிவாகவே நடப்பு மாதத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அவர்கள் மறுப்பேதும் சொல்லாமல் கையெழுத்திட்டார்கள்.