‘3800 வாட்’ கிரைண்டரும் தேதி இல்லாத வீலும்: பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

மலிவாகக் கிடைக்கிறதே என்று பேட்டரி ஆங்கிள் கிரைண்டர் (சுற்றும் வீலால் இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் மெஷின்) ஆர்டர் போட்டவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். பெட்டியில் ‘288 விஎஃப்’, ‘3800 வாட்’, ‘19800 எம்ஏஎச்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு இரும்புப் பட்டையில் வைத்து லேசாக அழுத்தினாலே வீல் நின்றுவிடும். விற்றவரிடம் கேட்டால் “அழுத்தாமல் பிடிக்க வேண்டும்” என்பார், அல்லது “பேட்டரி நாலு தடவை சார்ஜ் ஏறினால் சரியாகிவிடும்” என்பார். இரண்டுமே தட்டிக்கழிப்பு.

‘விஎஃப்’ என்று ஒரு அளவே கிடையாது. வோல்ட் மாதிரித் தெரிவதற்காகப் போட்ட எழுத்து அது. உண்மை சார்ஜரின் லேபிளில் இருக்கும்: வெளியீடு 21 வோல்ட். அதாவது உள்ளே 18650 வகை லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து சேர்ந்தால் 18 வோல்ட், அவ்வளவுதான். இந்த 18 வோல்ட்டில் 3800 வாட் வர வேண்டுமானால் 200 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். பவர் டூலுக்கென்றே செய்யப்பட்ட நல்ல 18650 செல்லே தொடர்ந்து 20, 30 ஆம்பியர் தருவதோடு சரி.

எம்ஏஎச் கணக்கும் அப்படித்தான். இந்த அளவு செல்லில் மிகச் சிறந்ததே சுமார் 3500 எம்ஏஎச். பத்து செல் கொண்ட பேட்டரியில் இரண்டிரண்டாக இணைத்தால் உச்சபட்சம் 7000. மலிவான செல் 1500 என்று வைத்தால் மொத்தம் 3000 எம்ஏஎச், அதாவது 54 வாட் மணி. 500 வாட் இழுத்து வேலை செய்தால் ஆறரை நிமிடத்தில் காலி. பேட்டரியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கத் தராசு போதும். ஒரு செல் சுமார் 45 கிராம். பத்து செல் என்றால் செல் எடையே 450 கிராம் வரும். பேட்டரி மொத்தமே 300 கிராம்தான் என்றால் உள்ளே இருப்பது ஐந்து செல். மீதி காலி இடம். செல்களைச் சமமாக ஏற்றும் பாதுகாப்பு போர்டையும் சிலர் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டதை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது நெருப்போடு விளையாடுவது.

வயர் வைத்த கிரைண்டரில் பொய் கொஞ்சம் நாசூக்காக வரும். பெட்டியில் 1200 வாட் என்றிருக்கும், மெஷினில் ஒட்டிய பிளேட்டில் வாட் இருக்காது அல்லது வேறு எண் இருக்கும். பிளேட்டில் உள்ள ஆம்பியரை வோல்ட்டால் பெருக்குங்கள். 230 வோல்ட், 3.7 ஆம்பியர் என்றால் சுமார் 850 வாட். ஆம்பியரே போடாத பிளேட் இருந்தால் அந்த மெஷினை வைத்துவிட்டு வந்துவிடலாம். இந்த 850-உம் மெஷின் இழுக்கும் மின்சாரம்தான். வீலுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 60 சதவீதம். நல்ல தயாரிப்பாளர் இரண்டையும் தனித்தனியே சொல்வார். பிளக் மீட்டர் வைத்துச் சோதிப்பவர்கள் சும்மா ஓடும்போது பார்த்து ஏமாற வேண்டாம். சுமை இல்லாமல் குறைவாகத்தான் காட்டும். இரும்பில் வைத்து அழுத்தும்போது படிக்க வேண்டும். பவர் கார்டின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைப் போல 61 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதே தடிமனுக்கு அதிகம் சூடாகும். கார்டிலேயே இப்படி மிச்சம் பிடித்தவர் ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் சுருளில்) என்ன சுற்றியிருப்பார் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் போவது பணம். இனிச் சொல்வதில் போவது முகம், கண்.

பிசின் கட்டிய கட்டிங் வீல், கிரைண்டிங் வீல் எல்லாவற்றின் நடு ஓட்டையைச் சுற்றியும் ஒரு உலோக வளையம் இருக்கும். அதில் ‘வி 07/2027’ போன்று காலாவதி தேதி குத்தியிருக்க வேண்டும். தயாரித்ததிலிருந்து மூன்று வருடம் என்பதுதான் வழக்கமான கணக்கு. பழைய சரக்கை விற்பவர்கள் வளையத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தேதியைச் சுரண்டுவார்கள், அல்லது பத்து பத்தாகப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தேதி தெரியாமல் தருவார்கள். ஈரம் ஏறிய பிசின் பலம் இழந்திருக்கும், ஆனால் பார்வைக்குப் புதிதாகவே தெரியும். தேதி இல்லாத வீல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்தது வேகம். சாதாரண வீல்கள் விளிம்பில் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும். லேபிளில் சிவப்புக் கோடு அதற்கான அடையாளம். சுற்றில் சொன்னால் 100 மிமீ வீலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 15,300, 125-க்கு 12,200, 180-க்கு 8,500, 230-க்கு 6,600. வீலில் போட்ட எண் மெஷினில் போட்ட எண்ணைவிடக் குறையவே கூடாது. “வீலை மூடும் பாதுகாப்பு கார்டைக் கழற்றினால் உங்கள் சின்ன மெஷினிலேயே பெரிய வீல் போடலாம்” என்று சொல்லி 180 மிமீ வீலை விற்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சின்ன மெஷினின் 11,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர் போகும். வீலைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், தாங்க வேண்டியதைப் போல 1.7 மடங்கு. வெடித்தால் தடுக்கக் கார்டும் இருக்காது. பெரிய மெஷினில் தேய்ந்து சிறிதான வீலைச் சின்ன மெஷினில் போடுவதும் இதே தவறு, அது குறைந்த சுற்றுக்குச் செய்யப்பட்டது.

ஓட்டை பொருந்தாவிட்டால் இடையில் வளையம் போட்டுச் சரிக்கட்டித் தருவதையும் ஏற்காதீர்கள். 100 மிமீக்கு 16, அதற்கு மேல் 22.23 மிமீ என்பது வழக்கமான ஓட்டை. பல் வைத்த மர ரம்பம், செயின் ரம்ப வட்டு ஆகியவற்றை ‘இலவச இணைப்பு’ என்று கிரைண்டரோடு சேர்த்துத் தருவார்கள். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். இலவசமாக வந்தாலும் அவை வேண்டாம்.

மேசையில் பொருத்தும் பெஞ்ச் கிரைண்டரில் ஏமாற்று குறைவு, அலட்சியம் அதிகம். இது பெரும்பாலும் எர்த் தேவைப்படும் மெஷின். மூன்று பின் பிளக் இருந்தும் பவர் கார்டில் இரண்டே வயர் ஓடுவது உண்டு. மல்டிமீட்டரை எர்த் பின்னிலும் மெஷினின் வெறும் உலோகத்திலும் வைத்தால் பீப் வர வேண்டும். பிளேட்டில் ‘எஸ்2 30 நிமிடம்’ என்றிருந்தால் அரை மணி ஓட்டிவிட்டு ஆற விட வேண்டும் என்று பொருள். அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கல்லைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் நடுச் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 டிகிரி இருபுறமும், விளிம்பிலிருந்து 25 முதல் 50 மிமீ உள்ளே தட்டுங்கள். மணி போலக் கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் விரிசல், அன்றே திருப்பிக் கொடுங்கள். (பிசின் வீலில் இந்தச் சோதனை சரிவராது, அது எப்போதும் மந்தமாகவே ஒலிக்கும்.) இடது பக்க நட்டு எதிர்மரை, வலது பக்கம் போலத் திருகி மரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லின் இருபுறமும் இருக்கும் அட்டை வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். டூல் ரெஸ்டுக்கும் (தேய்க்கும் பொருளை வைக்கும் தாங்கி) கல்லுக்கும் இடைவெளி 3 மிமீக்குள், மேலே உள்ள நாக்குத் தகட்டுக்கு 6 மிமீக்குள். கல் தேயத் தேய இரண்டையும் நகர்த்த வேண்டும். அதனால் நகர்த்த வழியில்லாத மெல்லிய தகட்டு ரெஸ்ட் வந்தால் அந்த மெஷினை மாற்றிக் கேளுங்கள். அதில் அலுமினியம் தேய்க்காதீர்கள், கல்லின் துளைகள் அடைந்து சூடேறும்.

மெஷின் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், சோதித்துவிட வேண்டும். பிளக்கைப் போடாமல் ஸ்பிண்டிலை (வீல் மாட்டும் அச்சை) பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரின் கார்டு பெட்டியில் இருக்கிறதா, பூட்டிய பின் கையால் திருப்பினால் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவும் கார்டு இல்லாததற்குச் சமம். பிறகு கண்ணாடியும் முகக் கவசமும் போட்டு, வீல் சுற்றும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளுக்குள் பாருங்கள். கார்பன் பிரஷ் ஓரத்தில் சின்னப் பொறி சகஜம், வட்டமாக நெருப்பு வளையம் தெரிந்தால் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) கோளாறு. அணைத்ததும் சட்டென்று நின்றால் பேரிங்கையோ கியரையோ சந்தேகிக்கலாம் (பிரேக் உள்ள மாடலைத் தவிர).

பெட்டி, மெஷின் பிளேட், சார்ஜர் லேபிள், வீலின் வளையம் நான்கையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். பேட்டரியைத் தராசில் வைத்து எடை தெரியும்படி இன்னொரு படம். “உங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை” என்ற பதிலுக்கு ‘பெட்டியில் 288, சார்ஜரில் 21’ என்று எழுதி அந்தப் படங்களை அனுப்புங்கள். பேட்டரியைப் பிரித்துப் படமெடுக்க வேண்டாம், பிரித்ததையே காரணம் காட்டிப் பணம் தர மறுப்பார்கள்.