ஆசிரியர் சம்பள உயர்வு: எல்லோருக்குமா, அடியில் இருப்பவருக்கா, தொகுப்பூதியத்தில் கூடுதல் ஆளா?

தமிழ்நாட்டில் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600. 2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம் சேர்த்தால் முதலாமவருக்கு 57,512, இரண்டாமவருக்கு 32,548. மற்ற படிகள் எல்லாம் இதற்கு மேல். காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியர் இருந்தால் அவருக்கு மாதம் 12,000 ரூபாய், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று அரைநாள் வந்து ஓவியமோ தையலோ சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் 2012-இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர். 12,500-ஐத் தொட அவருக்கு 2024 வரை ஆனது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு "ஆசிரியர் சம்பளத்தை உயர்த்த வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. யாருடைய சம்பளத்தை, எந்த வழியில் என்று கேட்க வேண்டும். இங்கே மூன்று வழிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லோருக்கும் ஒரே சதவீதத்தில் ஏற்றுவது ஒன்று. 2009-இல் விழுந்த ஊதியப் பள்ளத்தை மூடி, அடியில் இருக்கும் இடைநிலை ஆசிரியரைத் தூக்கிவிடுவது இன்னொன்று. மூன்றாவது, ஊதிய விகிதத்தைத் தொடாமல் குறைந்த தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒரே மாதத் தொகையில், அதிகம் பேரை எடுத்து வகுப்பறைகளை நிரப்புவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசின் கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், அது முதலில் இரண்டாவது வழிக்குத்தான் போக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே சதவீதம்

2025 ஜூலை முதல் அகவிலைப்படி 55-இலிருந்து 58 சதவீதமானது. அரசு ஊழியர், ஆசிரியர், ஓய்வூதியர் என்று 16 லட்சம் பேருக்கு இந்த மூன்று சதவீதத்தைக் கொடுக்க ஆண்டுக்கு 1,829 கோடி ரூபாய் கூடுதலாகும் என்று அரசு அறிவித்தது. இதை யாரும் குறை சொல்லக் கூடாது. விலைவாசி ஏறுகிறது, வாங்கும் சக்தி குறையாமல் இருக்க இது வேண்டும். ஆனால் ஆளெடுப்புக்கும் ஆசிரியரைத் தக்கவைப்பதற்கும் இது என்ன செய்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்தவர் சம்பளம் போதவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது மிக அபூர்வம். வெளியே தகுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருப்போர் கூட்டம் குறையவும் இல்லை. சதவீதத்தில் ஏற்றும்போது இடைவெளியும் கூடுகிறது: மூன்று சதவீதம் என்பது 36,400-க்கு 1,092 ரூபாய், 20,600-க்கு 618 ரூபாய்.

இந்தோனேசியா இதை நம்மைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2005-இல் சட்டம் போட்டு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். அதை ஆராய்ந்தவர்களில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் ஒருவர். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, கடன் நெருக்கடி குறைந்தது, இரண்டாவது வேலைக்குப் போவதும் குறைந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகளின் கற்றலில் ஏற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கு, வேலையிலிருந்து போகும் எண்ணமே இல்லாதவருக்கு ஏற்றிக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

பள்ளிக்கூடத்து நிதிக்கு வருவோம். இங்கிலாந்தில் சம்பள உயர்வின் அடி நேராகப் பள்ளியின் மேல் விழும். 2025-இல் அங்கே ஆசிரியர்களுக்கு 4 சதவீதம் ஏற்றினார்கள். அதில் முதல் ஒரு சதவீதத்தைப் பள்ளிகளே செலவைச் சுருக்கித் தேடிக்கொள்ள வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. நம் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்தக் கவலை இல்லை. சம்பளப் பட்டியலை ஏற்றினால் கருவூலம் கொடுத்துவிடும். அதனால் இங்கே பாரம் வேறொரு இடத்தில் போய் இறங்குகிறது. ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினார்கள், அதில் பெரும்பகுதி சம்பளம். நிதித் துறைக்குக் கைக்கு எட்டிய பிரேக் புதிய நியமனம்தான். அதை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். இடைநிலை ஆசிரியர் பணிக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நேரடி நியமனமே நடக்கவில்லை. தகுதித் தேர்வில் தேறியவர்களை இன்னொரு போட்டித் தேர்வும் எழுதச் சொல்லும் அரசாணை 2018-இல் வந்தது. அந்தத் தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 ஜூலையில்.

2009 ஜூன் 1

அடுத்த வழியைப் புரிந்துகொள்ள அந்த 20,600 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆறாவது ஊதியக் குழுவை அமல்படுத்தியபோது, 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயித்தார்கள். தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே மாதிரி வகுப்பு. சேர்ந்த தேதி மட்டும் வேறு. அன்றைக்கு வித்தியாசம் 3,170 ரூபாய்.

அப்புறம் ஏழாவது ஊதியக் குழு வந்தது. பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கினார்கள். பின்னால் சேர்ந்தவரின் 8,000 ரூபாய் (5,200-உம் தர ஊதியம் 2,800-உம்) 20,560 ஆகி, 20,600 என்று முழுமையாக்கப்பட்டது. முன்னால் சேர்ந்தவரின் 11,170-ஐப் பெருக்கினால் 28,707 வருகிறது. ஆக, 3,170 ரூபாய்ப் பள்ளம் 8,100 ரூபாய்க்கு மேல் ஆழமாகிவிட்டது. அதன் மேல் அகவிலைப்படி சேர்ந்தால் மாதம் ஏறத்தாழ 12,800 ரூபாய். ஒவ்வொரு ஆண்டு ஊதிய உயர்வும் இதை இன்னும் அகலமாக்கும். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் பட்டினி கிடந்தவர்கள் கேட்டது இந்தப் பணத்தைத்தான். 2023 தொடக்கத்தில் அரசு இதை ஆராய மூவர் குழு அமைத்தது.

இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர் என்று வைத்து நான் போட்ட கணக்கு: மாதம் 25 கோடி, ஆண்டுக்கு 300 கோடியைச் சுற்றி. ஊதிய உயர்வுகளைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். மேலே சொன்ன மூன்று சதவீத அகவிலைப்படிச் செலவில் இது ஆறில் ஒரு பங்கு. பள்ளிக் கல்விக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபது பைசாகூட இல்லை.

இதில் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளெடுப்பு, தக்கவைத்தல் என்ற இரண்டையும் உண்மையாகவே பாதிக்கும் இடம் இதுதான் என்பது என் வாதம். அரசு ஆசிரியர் வேலையை விட்டுப் போகமாட்டார், ஆனால் தொடக்க வகுப்பை விட்டுப் போவார். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவர்களில் பலர் அஞ்சல் வழியில் பி.ஏ., பி.எட். முடித்து, பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு வாங்கவோ அதற்கான தேர்வு எழுதவோ பார்க்கிறார்கள். தொடக்க ஊதியமே கிட்டத்தட்ட இரு மடங்கு என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? விளைவு என்ன? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து அறிமுகம் செய்யும் கலையில் கைதேர்ந்தவர், பத்து ஆண்டு அனுபவத்தோடு ஆறாம் வகுப்புக்கு மேலே போய்விடுகிறார். அதை நம் ஊதிய விகிதமே தூண்டிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதைவிடச் சுலபமான வேலை என்ற எண்ணம்தான் இந்த விகிதத்தின் அடியில் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சேருகிறவர்கள் பக்கமும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பட்டயப் படிப்புக்குப் போகிறவர் எண்ணிக்கை வற்றிப்போய், அந்தப் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் மூடப்பட்டன. பத்து ஆண்டு நியமனம் இல்லாதது அதற்கு முதல் காரணம். அப்படியே வேலை கிடைத்தாலும் இதுதான் சம்பளம் என்பது அடுத்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் எதிர்பார்ப்பு கூடிக்கொண்டே போகிறது, சம்பளம் அப்படியே நிற்கிறது.

தொகுப்பூதியம்: இதன் பக்கமும் நியாயம் இருக்கிறது

மூன்றாவது வழியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நிரந்தர இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியத்துக்கும் அகவிலைப்படிக்கும் ஆகும் 32,548 ரூபாயில் 12,000 ரூபாய்க்கு இரண்டு பேரைப் போட்டாலும் மிச்சம் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார வேண்டியதுதான். அந்தப் பள்ளிக்கு மூன்றாவதாக ஒருவர் வந்தால் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவே வேண்டியதில்லை.

ஆய்வும் கொஞ்சம் துணைக்கு வருகிறது. ஆந்திரத்தில் நூறு அரசுப் பள்ளிகளுக்கு ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் வாங்கிய அவர்கள், நிரந்தர ஆசிரியர்களைவிட எந்த விதத்திலும் குறைந்து கற்பிக்கவில்லை. இந்த ஆய்விலும் முரளிதரன் உண்டு. சிக்கன வாதம் பேசுகிறவர்கள் இதைத்தான் முன்னால் வைப்பார்கள்.

ஆனால் அங்கே வந்தவர் கூடுதல் ஆள். நிரந்தர ஆசிரியரின் இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர் அல்ல. நம் ஊரில் நடப்பது அந்த இரண்டாவது. கென்யாவில் இதே யோசனையைச் சோதித்தபோது, தொண்டு நிறுவனம் திட்டத்தை நடத்திய பள்ளிகளில் பலன் கிடைத்தது. அரசே திட்டத்தை நடத்திய பள்ளிகளில் கிடைக்கவில்லை. அரசு நடத்தியபோது சம்பளம் தாமதமானது, மேற்பார்வை தளர்ந்தது.

நம்மிடமே அனுபவம் இருக்கிறது. 2003-04 வாக்கில் இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000, முதுநிலைக்கு 4,500 என்று தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2006 ஜூன் 1 முதல் அவர்களைக் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தர ஆசிரியரின் ஊதிய விகிதத்துக்கு, கொண்டுவந்தார்கள். பீகாரில் 2006 வாக்கில் ஊராட்சிகள் வழியே லட்சக்கணக்கில் குறைந்த ஊதிய ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். சம ஊதியம் கேட்டு அவர்கள் போட்ட வழக்கை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கில் வென்ற அந்த அரசே பிற்பாடு திறன் தேர்வு வைத்து அவர்களை மாநில அரசுப் பணியாளர் ஆக்கத் தொடங்கியது. அரசு இதில் சேமிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் சில ஆண்டுகளுக்கு மட்டும். பிறகு தேர்தல் வரும், போராட்டம் வரும், பணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது.

2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. இடைநிலை, பட்டதாரி, முதுநிலை ஆசிரியருக்கு முதலில் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய் என்று இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போனது. பிறகு அது 12,000, 15,000, 18,000 ஆனது. 7,500 ரூபாய்க்குத் தகுதியான ஆள் பள்ளி ஆண்டு முடியும்வரை நிற்பார் என்று யார் நம்பினார்கள் என்று தெரியவில்லை. அவர் தேர்வு அறிவிப்பு வந்தால் படிக்கப் போவார், வேலை கிடைத்தால் நடு ஆண்டிலேயே கிளம்புவார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது.

திட்ட நிதியில் சம்பளம் வாங்குகிறவர்களின் நிலை இன்னும் மோசம். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு தன் பங்கான 2,152 கோடியை 2024-25-இல் விடுவிக்காதபோது, அந்தத் திட்ட ஊழியர்களின் செப்டம்பர் மாதச் சம்பளமே தாமதமானது. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்து போடுவதா வேண்டாமா என்ற அரசியல் சண்டையில் ஒரு பள்ளி ஊழியரின் மளிகைக் கடன் ஏறியது.

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சம்பளம் ஏறினால் கட்டணம் ஏற வேண்டும், அல்லது வகுப்பில் பிள்ளைகள் கூட வேண்டும். கட்டணத்தை 2009 சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அதனால் சிறிய மெட்ரிக் பள்ளிகள் பல, சம்பளத்தைக் குறைவாக வைத்து, ஆண்டுதோறும் ஜூனில் புது முகங்களோடு பள்ளியைத் திறக்கின்றன. அங்கே உள்ள நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேரின் கண் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பிலேயே இருக்கும். ஆசிரியர் வேலையை விட்டே போகும் பிரச்சினை மிக அதிகமாக இருப்பது அங்கேதான், ஆனால் அது யாருடைய நிதிநிலை அறிக்கையிலும் வராது.

சரி, பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? அகவிலைப்படி அதுபாட்டுக்கு வரட்டும். அது சட்டென்று நிறுத்தக் கூடியதும் அல்ல, நிறுத்த வேண்டியதும் அல்ல. அதற்கு மேல் ஒரு 300 கோடி தேறினால் 2009 பள்ளத்தை மூட வேண்டும், இனிச் சேருகிறவருக்கும் அந்தத் தொடக்க ஊதியமே கிடைக்கும்படி. அடுத்த தொகை, காலியிடங்களை ஆண்டுதோறும் தேர்வு நடத்திக் காலமுறை ஊதியத்தில் நிரப்ப. தற்காலிக ஆசிரியர் என்பவர் மகப்பேறு விடுப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு போன்ற இடங்களுக்கு மட்டும் இருக்கட்டும். பகுதிநேர ஆசிரியர்களுக்கு 2012 முதல் ஆண்டுக்கணக்கில் மே மாதச் சம்பளம் இல்லாமலேயே போனது. சுமார் 12,000 பேருக்கு 12,500 வீதம் ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 15 கோடி ரூபாய்தான் வருகிறது. அந்த 15 கோடிக்கு எந்த ஊதியக் குழுவும் கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.