27 பிள்ளைகள், 2 டீச்சர், வாசலில் ஒரு கரும்பலகை

மார்ச் வந்தால் பள்ளிச் சேர்க்கை தொடங்கிவிடும். எங்கள் தெருவில் இப்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "உன் பொண்ணப் போட்ட பள்ளிக்கூடம் எப்படி, சேர்க்கலாமா?" என்று. ஒவ்வொருவருக்கும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் எதிரே தெரியும் ஓட்டுக்கட்டடம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பெயர் போடவில்லை, நல்லதோடு கெட்டதையும் சொல்லப்போகிறேன் இல்லையா.

என் மகள் முதல் இரண்டு வருடம் தனியார் பள்ளி ஒன்றில் படித்தாள். ஃபீஸ் வருடத்துக்கு 18,000 ரூபாய், வேன் தனி. அந்தப் பள்ளியிலிருந்து செய்தி வராத நாளே கிடையாது. அதற்கென்று ஃபோனில் ஒரு ஆப். நாளைக்கு ரெட் டே, சிவப்பு உடை போட்டு அனுப்பவும். வெள்ளிக்கிழமை ஃப்ரூட்ஸ் டே, ஒரு ஆப்பிள் கொடுத்து அனுப்பவும். ராத்திரி பத்து மணிக்குமேல் உட்கார்ந்து, யாரோ தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியை ஒட்டி சிவப்பு கவுன் தைத்திருக்கிறேன். ரேங்க் கார்டில் எப்போதும் 'குட்', பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, வருகிற பஸ் எங்கே போகிறது என்று பலகையைப் படித்துச் சொல்லச் சொன்னேன். 'கு' என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். 'ம்' வரவில்லை. இரண்டாம் வகுப்பு முடிகிற நேரம். இத்தனை செய்தி அனுப்பிய பள்ளி, பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்கிற செய்தியை மட்டும் அனுப்பவே இல்லை.

2023 ஜூனில் ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அந்த வருடம் வெயில் காரணமாகத் தள்ளித் தள்ளி, மேட்டூர் அணை திறந்து இரண்டு நாள் கழித்து, ஜூன் 14-ல்தான் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தார்கள். இரண்டாவது வாரமே பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். (தலைமையாசிரியரை எங்கள் ஊரில் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். இன்னொருவர் சின்ன டீச்சர். அவ்வளவுதான் மொத்த ஆசிரியர்கள்.)

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேரு மூணாம் வகுப்புதான். ஆனா பாப்பாவ அரும்புல உக்கார வைக்கிறேன்."

அரும்பு, மொட்டு, மலர் என்பது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உள்ள மூன்று படிகள். 2022-ல் வந்த திட்டம். வகுப்பு எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று பார்த்து அந்தப் படியில் உட்கார வைக்கிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதே என் மகளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் உள்ளதைச் சொன்னார். இந்தப் பள்ளிக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

தீபாவளிக்குள் மொட்டுக்கு வந்துவிட்டாள். எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி, 'க'வும் 'ல்'லும் எடுத்து ஒட்டினால் கல், 'ப'வை எடுத்து வைத்தால் பல் என்று விளையாட்டாகவே போனது. வீட்டில் என் தையல் சாக்கட்டியை எடுத்துத் திண்ணை முழுக்க எழுதி வைத்தாள். அடுத்த பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனபோது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து உரக்கடை, ஈமு கோழிப் பண்ணை, பல் ஆஸ்பத்திரி என்று வழியெல்லாம் பலகை படித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் சிரித்தார். அதற்கப்புறம் வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை. இப்போது ஐந்தாம் வகுப்பில் 'பற'வில் இருக்கிறாள்.

சரி, கரும்பலகைக்கு வருகிறேன்.

எல்லாப் பள்ளியிலும் வகுப்புப் பலகையின் ஓரத்தில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதுவார்கள். இங்கே அதைப் பள்ளிக்கூட வாசலிலும், தெருவில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைக்கிறார்கள். மேலே தேதி, அடுத்து ஒரு குறள், பிறகு பதிவு 27, வருகை 25. அதற்குக் கீழே அன்றைய செய்தி இரண்டு வரி. பால் ஊற்றப் போகிறவர், களையெடுக்கப் போகிறவர் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போவார்கள். வருகை 25 என்றால் அந்த இரண்டு பேர் யார் என்று மதியத்துக்குள் ஊரே கேட்டுவிடும். ஒரு முறை இரண்டு நாளாக வராத பையனை டீக்கடைக்காரரே சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்.

செய்தி எழுதுகிற விதமும் எனக்குப் பிடிக்கும். "நாளை குடற்புழு மாத்திரை, வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம்." "வெள்ளி பெற்றோர் கூட்டம் 3 மணி. நடவுக்குப் போகிறவர்கள் 5 மணிக்கு வரலாம்." இந்த இரண்டாவதை எழுத ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய டீச்சர் வெளியூர்தான், தினமும் 40 கிலோமீட்டர் ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் மாறி வருகிறார். ஆனாலும் யார் வீட்டில் எப்போது நடவு என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்.

வாட்ஸ்ஆப் குழுவும் உண்டு. அதில் இரண்டு அப்பாக்கள் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுகிறார்கள், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் அதில் டைப் செய்வதில்லை, பேசி அனுப்புகிறார். பாதி வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்கள். பேசி அனுப்பினால் அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். மழை விடுமுறைச் செய்தி மட்டும் எங்களுக்குப் பள்ளியிலிருந்து வருவதே இல்லை. நவம்பரில் விடிகாலை கலெக்டர் அறிவித்து, டிவியில் ஓடி, பிள்ளைகள் மறுபடி போர்த்திக்கொண்டு படுத்த பிறகுதான் குழுவில் டீச்சர் குரல் வரும்.

அடுத்து சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. எங்கள் ஊருக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 25, பக்கத்து மாவட்டத்தில் திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரித்த அன்று. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா. அவர் பிள்ளையும் இங்கேதான் மூன்றாம் வகுப்பு. தன் பிள்ளையும் சாப்பிடுகிற சோறு என்பதால் பருப்பில் கல் கிடக்காது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, 15 கிராம் பருப்பு என்று கணக்கு. முன்பு திங்கட்கிழமை உப்புமா, அன்றைக்கு மட்டும் என் மகளுக்கு வயிற்று வலி வரும். இப்போது திங்கட்கிழமை பொங்கல், சாம்பார். வலி போய்விட்டது. கிச்சடி நன்றாக இருக்கும், ஒருநாள் நானே ஒரு கரண்டி வாங்கித் தின்று பார்த்தேன். காலை எட்டேகாலுக்கெல்லாம் பந்தி. பிள்ளையைக் கிளப்பி அனுப்பிவிட்டு எட்டரைக்கு மிஷினில் உட்கார முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். மதியம் சத்துணவில் முட்டை தினமும் உண்டு.

தொழில்முறையில் நான் பேசக்கூடியது சீருடை ஒன்றுதான். அரசாங்கம் நான்கு செட் தருகிறது, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருவது. துணி பரவாயில்லை, வெளுத்தாலும் கிழியாது. தையலில் எனக்குக் குறை உண்டு. உள்பக்கம் பிடித்துவிட்ட துணி கால் அங்குலம்கூட இல்லை, பிரித்து விடலாம் என்றால் எதைப் பிரிப்பது? அளவெடுத்து, தைத்து வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. போன வருடம் ஒரு பையனுக்கு வந்த சட்டை கை முழங்கைக்கு மேலேயே நின்றது. அவன் தம்பிக்குப் போட்டுவிட்டார்கள், தம்பி மகராசனாக இருந்தான். பொத்தானைக் கையோடு ஒருமுறை இறுக்கித் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே கீழே கிடக்கும்.

இனி குறைகள். கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை சின்ன டீச்சர், நான்கும் ஐந்தும் பெரிய டீச்சர். காகிதத்தில் சரிதான். பயிற்சி என்றும் கூட்டம் என்றும் ஒருவரை ஒன்றிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அன்றைக்குப் பாடம் நடக்காது, படம் வரையச் சொல்வார்கள். என் மகளின் நோட்டில் படம் அதிகமான வாரங்களை வைத்தே எத்தனை கூட்டம் நடந்தது என்று சொல்லிவிடுவேன். இருக்கிற நேரத்திலும் எமிஸில் (கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேடு) வருகை ஏற்று, அதை ஏற்று, இதை ஏற்று என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்கு நடக்கிறார் டீச்சர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கழிப்பறை சுமார். துப்புரவுக்கு வருகிற அம்மா வராத நாளில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் பலவீனம்தான். வாசிக்கிறார்கள், பேச வராது. என் மைத்துனர் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். அவர் பிள்ளை ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறான், உண்மை. அதை மறைத்துப் பேசினால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை.

கலைத் திருவிழா முன்பு பெரிய வகுப்புகளுக்கு மட்டும் இருந்தது. 2024-25-ல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்று ஆக்கினார்கள். என் மகள் மாறுவேடத்தில் ஔவையார். என் பழைய வெள்ளைப் புடவையைப் பாதியாக வெட்டிக் கொசுவம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், அவிழாது. கூன் மட்டும் நிற்கவில்லை, மேடையேறியதும் நிமிர்ந்துவிட்டாள். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மையப் போட்டியோடு திரும்பிவிட்டோம். ஜெயித்தது பக்கத்து ஊர் பாரதியார், மீசை நிஜமாகவே நன்றாக இருந்தது.

வரப்போகிறவற்றில் முதலில் ஆண்டு விழா, இந்த மாதக் கடைசியில், சாயங்காலம் பள்ளி வாசலிலேயே பந்தல் போட்டு. 27 பிள்ளைகளும் மேடையேறுகிறார்கள். ஆள் குறைந்த பள்ளியில் இதுதான் லாபம், பார்வையாளர் வரிசையில் உட்கார ஒரு பிள்ளைகூட மிஞ்சாது. கும்மிக்கு ஆறு பாவாடை என்னிடம் வந்திருக்கிறது. கூலி வாங்கவில்லை, துணி மட்டும் பள்ளி மேலாண்மைக் குழு வாங்கித் தந்தது. அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுத் தலைவி களத்து வேலைக்குப் போகிறவர். அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவருக்குத் தீர்மானம் போடுகிறோம். வாய்க்கால் பக்கம் திறந்து கிடக்கிறது, தண்ணீர் வருகிற மாதங்களில் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். சேர்க்கிற பெற்றோர் இதையும் தெரிந்துகொண்டு சேருங்கள், கூட்டத்துக்கும் வாருங்கள்.

மார்ச்சில் சேர்க்கைப் பேரணி. பறை ஒன்றை முன்னால் விட்டு, பதாகை பிடித்து, மூன்று தெருவும் சுற்றுவார்கள். ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. பிறப்புச் சான்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்பமாட்டார்கள், சேர்த்துக்கொண்டு அப்புறம் வாங்கிக்கொள்வார்கள். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் வெளியே போகிறார்கள், என் மகளும் அதில் ஒருத்தி. உள்ளே வர இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் என் மகன். பதிவு 27 என்று எழுதுகிற இடத்தில் ஜூனில் 22 என்று எழுத வேண்டிவரும் என்று டீச்சர் விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை.

மார்க் போடு என்றால், படிப்புக்கு ஐந்துக்கு நான்கு. சாப்பாட்டுக்கு நான்கரை. கழிப்பறைக்கு இரண்டு. செய்தி சொல்வதற்கு ஐந்துக்கு ஐந்து.

காலையில் மகளை விடப் போனபோது பலகையில் இருந்தது: பதிவு 27, வருகை 27. கீழே, "ஆண்டு விழா ஒத்திகை மதியம் 3 மணி. ஊசி நூலோடு ஓர் அம்மா வரவும்." மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. ஆறு பாவாடையில் ஒன்றுக்கு இன்னும் நாடா கோர்க்கவில்லை.