செல்லப் பிராணிகளுக்கான ஆண்டு நலத் திட்டம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைக் கேள்வி கேட்க வேண்டும்?

எங்கள் வீட்டில் வயதான பூனை ஒன்றும் நடுத்தர வயது லாப்ரடார் நாய் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு கால்நடை மருத்துவமனையின் ஆண்டு நலத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் உடல் பரிசோதனை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மற்றும் தெள்ளுப்பூச்சித் தடுப்பு மருந்து, இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள், பல் பரிசோதனை ஆகியவை அதற்குள் அடங்கிவிடும். இத்தகைய திட்டங்களைப் பல மருத்துவமனைகள் வழங்குவதால், எந்த மருத்துவமனை என்பதைவிடத் திட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று பார்ப்பதே பயனுள்ளது.

விவரத் தாளில் ஒரே வரியில் முடிந்துவிடும் உடல் பரிசோதனைதான், என் கருத்தில், மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் மதிப்புள்ளது. எங்கள் மருத்துவர் பூனையைக் கூடையிலிருந்து இழுத்தெடுப்பதில்லை. கூடையின் மேல்பகுதியைக் கழற்றிவிட்டு, அது படுத்திருக்கும் இடத்திலேயே தொடத் தொடங்குகிறார். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும், தாமதமானால் இரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு தாடைக்குக் கீழே நிணநீர்க் கணுக்கள், கழுத்தில் தைராய்டு, வயிற்றின் இருபுறமும் கைவைத்துச் சிறுநீரகங்களின் அளவு என்று வரிசையாகப் பார்க்கிறார். ஸ்டெதாஸ்கோப் காதில் ஏறிய பிறகு நாம் கேட்கும் எதற்கும் பதில் வராது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பரிசோதனையின் பலன் அன்றைக்கே தெரிந்துவிடுவதில்லை. பூனை நோயை மறைப்பதில் கைதேர்ந்த பிராணி. சாப்பிடுவதைக் குறைத்து, உறக்கத்தைக் கூட்டி, வயதாகிவிட்டது என்று நம்மையே நம்ப வைத்துவிடும். எங்கள் பூனையின் அட்டையில் எடை 4.6 கிலோ, 4.4 கிலோ, 4.1 கிலோ என்று அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தது. தினமும் மடியில் தூக்கி வைத்திருக்கும் எங்களுக்கு அந்த வேறுபாடு தெரியவே இல்லை. அரைக் கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் அது 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு கிலோவுக்கு மேல் இளைத்ததற்குச் சமம். நலமாக இருந்தபோது எடுத்த பழைய எண்கள் இல்லாவிட்டால், 4.1 கிலோ என்பது ஒரு பூனைக்குரிய சாதாரண எடையாகவே எவருக்கும் பட்டிருக்கும்.

எடை குறைந்ததால்தான் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளை மருத்துவர் அக்கறையோடு பார்த்தார். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் இரத்த அளவு, சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே இயல்பு எல்லையைத் தாண்டும் என்பதால், ‘நார்மல்’ என்று அச்சிட்டு வரும் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது. சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிட்டபோது எண் எல்லைக்குள்ளேயே ஏறியிருந்தது, சிறுநீர் நீர்த்திருந்தது, இன்னும் முன்கூட்டியே மாற்றம் காட்டும் எஸ்டிஎம்ஏ என்ற அளவும் உயர்ந்திருந்தது. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவுக்கு மாற்றி, இரத்த அழுத்தத்தையும் பார்த்துவருகிறோம். வாந்தி தொடங்கி, உணவை அடியோடு வெறுத்த பிறகு கொண்டுசென்றிருந்தால் மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

தடுப்பூசிப் பகுதியில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குட்டிகளுக்கு இவர்கள் வைத்திருக்கும் அட்டவணை சரியானது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியைச் செயல்படவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால், கடைசித் தவணை 16 வாரமோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும்; இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டுப் பார்வோ வைரஸிடம் குட்டியைப் பறிகொடுப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. வளர்ந்த நாய்க்கோ, டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ ஆகிய வைரஸ்களுக்கான தடுப்பூசிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதே உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். எங்கள் திட்டம் அனைத்தையும் ஆண்டுதோறும் பட்டியலிட்டிருந்தது. கேட்ட பிறகே, ஆண்டுதோறும் தேவைப்படும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவைத்தார்கள். ரேபிஸ் ஊசியில் மட்டும் பேரம் பேசக் கூடாது. அந்தந்த இடத்துச் சட்டமும் ஊசி தயாரித்தவர் குறித்த இடைவெளியும் சொல்வதே கணக்கு. அறிகுறி தோன்றிய பின் மனிதரையோ நாயையோ காப்பாற்றும் சிகிச்சை கிடையாது என்றே கொள்ள வேண்டும். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாகவே வருகிறது.

மாத மருந்துகளுக்கு நினைவூட்டல் செய்தி தவறாமல் வருகிறது. கொசு வழியாகப் பரவும் இதயப் புழுவுக்குக் கொடுக்கும் மாத்திரை, கடந்த சில வாரங்களில் உடலுக்குள் நுழைந்துவிட்ட இளம்புழுக்களையே கொல்கிறது. எனவே சில மாதங்கள் விட்டுப்போனால் அவை மாத்திரைக்கு மசியாத அளவுக்கு வளர்ந்துவிடும். இதில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்தையும் பூனைக்கான மருந்தையும் ஒரே பையில் போட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொடுத்தார்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் மேல் பட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். இதைச் சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பல் பரிசோதனை என்பது பெயரளவில்தான் இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்து, காரை படிந்திருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து ஈற்றுக்குக் கீழே சுத்தம் செய்வதற்குத் தனிக் கட்டணம். மயக்க மருந்தில்லாமல் மேலாகச் சுரண்டி விடுபவர்களிடம் போகாதீர்கள், பல் வெளுக்குமே தவிர நோய் ஈற்றுக்கடியில் அப்படியே இருக்கும்.

விளம்பரத்தில் இடம்பெறாத ஒரு வசதி எந்த நாளிலும் முன்பதிவின்றிச் சென்று எடை பார்த்துக்கொள்ளலாம் என்பது. லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து ஒரு தரப்புக்கு 25 சதவீதம் குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள்; குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. செவிலியர் என் கையைப் பிடித்து நாயின் விலாவின் மேல் வைத்து, அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும் என்று காட்டினார். தட்டுப்படவில்லை. அன்று குறைத்த உணவளவு இன்றுவரை தொடர்கிறது, நாய்க்குத்தான் அதில் உடன்பாடு இல்லை.

இது காப்பீடு அல்ல. நோய் வந்தால் ஆகும் சிகிச்சைச் செலவு எதையும் திட்டம் ஏற்காது. வெளியே போகாத, நலமாக உள்ள இளம் பூனை மட்டும் இருப்பவர்கள், பரிசோதனைக்கும் ஊசிக்கும் தனித்தனியே கட்டினாலே மலிவாக முடியலாம். சேருமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பயன்படுத்தாத பகுதிக்குக் கழிவு உண்டா, பரிசோதனைப் பதிவுகளின் நகலைத் தருவார்களா? எங்களுக்குக் கழிவு கிடைக்கவில்லை, நகல் கிடைத்தது. பூனைக்கு அடுத்த ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கும் மூத்த பிராணிகளுக்கான பிரிவில் புதுப்பித்திருக்கிறோம். நாய்க்குப் பழைய பிரிவே தொடர்கிறது.